ஆயிரத்தொன்பது கதிரைகள்

கதிரை வாடகைக்குக் கொடுப்பவனுக்கு இந்த உலகத்தில் இரண்டே வேலைகள்தாம்: போகும்போது எண்ணுவது, வரும்போது எண்ணுவது. இடையில் கலியாணம் ஒன்று நடக்கும். அதை நாங்கள் பார்ப்பதில்லை.

இதை வாசிக்கும் நீங்கள் கதிரைக் கடை, அதாவது நாற்காலிக் கடை, வைத்திருக்காமல் இருக்கலாம். ஆனால் சாப்பாட்டுக்கு வந்தவர்களை எண்ணியிருப்பீர்கள், சுற்றுலாப் போன பிள்ளைகளை பஸ்ஸுக்குள் எண்ணியிருப்பீர்கள், ஒன்று குறைகிறதே என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியிருப்பீர்கள். ஆகவே நாமெல்லாம் ஒரே வருத்தக்காரர். உங்களிடம் மனம்விட்டுச் சொல்லலாம்.

சாய்ந்தமருதில், கல்முனைக்குப் போகும் வீதியில் எங்கள் கடை. எங்கள் என்றால் நானும் ஆதம்பாவாவும். நான் உயர்தரத்தில் கணிதம் படித்து, சில புள்ளிகளால் பல்கலைக்கழகத்தைத் தவறவிட்டு, அந்தக் கோபத்தில் இன்றுவரை கணிதப் புத்தகங்களை வாசித்துக்கொண்டிருப்பவன். ஆதம்பாவா எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியாரோடு முறைத்துக்கொண்டு வெளியே வந்தவன், திரும்பிப் போகவில்லை. இப்படிப்பட்ட இரண்டு பேர் பதினெட்டு வருடம் கூட்டாக ஒரு கடை நடத்தினோம்.

இந்த வருடம் பிரித்துக்கொள்வது என்று முடிவானது. அவனுடைய மூத்த மகன் றியாஸ் மருதமுனையில் கலியாண மண்டபம் திறக்கிறான். அதற்கு வாப்பாவின் பங்குக் கதிரைகள் வேண்டும், வாப்பாவும் அங்கே வந்து மேற்பார்வை செய்ய வேண்டும். நியாயமான காரணம். சண்டை ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம். சண்டை பிடித்துப் பிரிந்தவர்கள் பிறகு சமாதானமாகலாம். சந்தோசமாகப் பிரிந்தவர்கள் எதைச் சாட்டாக வைத்துத் திரும்பச் சந்திப்பது? நாங்கள் உறவுக்காரர் இல்லை, ஒரே தெருக்காரரும் இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தவை கதிரைகள் மட்டும்தான். எனவே கதிரைகளைப் பற்றி எழுதி வைக்கிறேன்.

கூட வந்த ஒன்பது

ஆயிரம் கதிரைக்குத்தான் சொல்லியிருந்தோம். கொழும்பிலிருந்து லொறி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைகள், கைபிடி உள்ளவை. இறக்கி எண்ணினோம், ஒன்பது கூடுதலாக இருந்தன. ஆதம்பாவாவுக்கு முகம் வெளிறிவிட்டது. மற்றவன் பொருளில் மாப்பிள்ளை வீட்டாரைக் குந்தவைத்து வாடகை வாங்குவதா என்று உடனே தொலைபேசி எடுத்தான். வழியில் உடைவதற்காகச் சிலதைக் கூட வைப்பது வழக்கம், உடையாவிட்டால் அது உங்களுக்குத்தான் என்று மறுமுனையில் சொன்னார்கள். அப்போதும் நம்பாமல், யார் பேசுவது, பெயர் என்ன, அல்லாஹ்வுக்காகச் சொல்லுங்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

அந்த இடைவெளியில் நான் கதிரைகளைச் சுற்றி வந்த மட்டையில் ஒரு துண்டைக் கிழித்து, ஆயிரத்தொன்பதை வகுத்துப் பார்த்தேன். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று தொடங்கி முப்பத்தொன்று வரை போனால் போதும். அடுத்தது முப்பத்தேழு; அதை அதனாலேயே பெருக்கினால் எண்ணைத் தாண்டிவிடும். மொத்தம் பதினொரு வகுத்தல்கள். ஒன்றிலும் மீதியில்லாமல் போகவில்லை. ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண். எங்கள் பாடப்புத்தகம் இதை முதன்மை எண் என்கிறது, இந்தியப் புத்தகங்கள் பகா எண் என்கின்றன. அதிலும் இது நான்கு இலக்க முதன்மை எண்களில் மிகச் சிறியது. ஆயிரத்திலிருந்து ஆயிரத்தெட்டு வரை ஒன்றுகூடத் தேறாது. பெரிய முதன்மை எண் என்றால் கணினிக்காரர்கள் கோடிக்கணக்கான இலக்கங்கள் கொண்டதைச் சொல்வார்கள். சொல்லட்டும். அவர்கள் அதை லொறியிலிருந்து இறக்கவில்லை.

ஆதம்பாவா தொலைபேசியை வைத்ததும் மட்டையைக் காட்டி, நம்மிடம் இருப்பது எப்படிப்பட்ட எண் தெரியுமா, இதை யாராலும் சம பங்காகப் பிரிக்க முடியாது என்று விளக்கினேன். அவன் மட்டையைப் பார்க்கவில்லை, கதிரைகளைப் பார்த்தான்.

"முதல்ல கதிரை உடையாம வந்திரிக்கா எண்டு பாரு மச்சான். நம்பர் உடையுமா உடையாதா எண்டு பொறகு பாப்பம்."

ஒற்றைக் கதிரை

ஆதம்பாவாவுக்கு எண்ணுவது பிடிக்காது. பன்னிரண்டு வரைக்கும்தான் எண்ணுவான். பன்னிரண்டு கதிரை ஓர் அடுக்கு. அதற்கு மேல் அடுக்குகளைப் பார்த்தாலே அவனுக்குக் கணக்கு விளங்கிவிடும். கடையில் முதன்முதலாக அடுக்கிய அன்று எண்பத்துநான்கு அடுக்குகள் வந்தன, ஒரு கதிரை மிஞ்சியது. வாசலுக்கு நேரே அந்த ஒற்றைக் கதிரை தனியாக நின்றது. அவனுக்கு அது கண்ணில் விழுந்த தூசி மாதிரி.

பதினான்காக அடுக்கினால் அதையும் உள்ளே தள்ளிவிடலாம் என்று எல்லாவற்றையும் கலைத்து மறுபடி அடுக்கினான். எழுபத்திரண்டு அடுக்கு, ஒன்று மிச்சம். பதினாறாக அடுக்கினான். அறுபத்துமூன்று அடுக்கு, ஒன்று மிச்சம். பதினெட்டாக அடுக்கியபோது மேல் கதிரையை வைக்க மேசையில் ஏற வேண்டியிருந்தது. அப்போதும் ஒன்று மிச்சம். நான் ஒரு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிரத்தெட்டு என்பது பன்னிரண்டாலும் பதினான்காலும் பதினாறாலும் பதினெட்டாலும், இருபத்தொன்றாலும் இருபத்துநான்காலும்கூட மீதியில்லாமல் வகுபடுகிற எண், ஆகவே அதனோடு ஒன்று சேர்ந்தால் எப்படி அடுக்கினாலும் அந்த ஒன்று வெளியேதான் நிற்கும் என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எனக்குப் பொழுதுபோக்குக் குறைவு. உண்மையைச் சொல்வதானால், பத்துப் பத்தாக அடுக்கியிருந்தால் ஒன்பது மிஞ்சியிருக்கும். ஆனால் பத்து என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை இது நடந்தது. கடைசியில் பழைய பன்னிரண்டுக்கே திரும்பி, மிஞ்சிய கதிரையை என் பக்கம் தள்ளிவிட்டான். அன்றிலிருந்து அது என் ஆசனம் ஆயிற்று. எல்லாக் கதிரைக்கும் அடியில் சிவப்பு மையில் இலக்கம் எழுதினேன்; என் ஆசனத்துக்கு ஆயிரத்தொன்பது. நான் ஒரு சட்டமும் போட்டேன்: ஒரு கதிரை உடைந்தால் அந்தக் கிழமைக்குள் அதே மாதிரி ஒன்று வாங்கிச் சேர்த்துவிட வேண்டும், ஆயிரத்தொன்பது குறையக் கூடாது. என்ன காரணம் என்று அவன் கேட்கவில்லை. காரணத்தை அவனே கண்டுபிடித்து வைத்திருந்தான்.

"அந்த ஒத்தக் கதிரையில ஜின் குந்தி இரிக்கி மச்சான். அதத் தனிய விடாத, நீயே அதுக்கு மேல குந்திக்க."

ஆறு பேர் சஹன்

கதிரையோடு சஹனும் வாடகைக்குக் கொடுத்தோம். சஹன் என்பது பெரிய தட்டம். ஆறு பேர் சுற்றி இருந்து ஒரே தட்டத்தில் சாப்பிடுவது. வேறு ஊர்களில் நான்கு பேர், ஐந்து பேர் என்று இருக்கலாம், எங்கள் சஹன் ஆறு பேர் அளவு. ஆறாவது ஆள் வந்து இருக்கும்வரை மூடியைத் திறக்க மாட்டார்கள். ஐந்து பேர் இருந்துகொண்டு, "ஒரு ஆள், ஒரு ஆள்" என்று வாசலைப் பார்த்துக் கையசைப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். பசியோடு அந்த ஐந்தில் ஒருவராக இருந்தும் இருப்பீர்கள்.

அட்டாளைச்சேனையில் உதுமாலெவ்வை ஹாஜியார் மகனுக்கு வலீமா, அதாவது கலியாண விருந்து, வைத்தார். எல்லாவற்றையும் எழுதிச் செய்கிற மனிதர். ஆண்கள் பக்கத்துக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் என்று பட்டியல் கொண்டுவந்தார். பார்த்த உடனே எனக்குக் கை துறுதுறுத்தது. ஹாஜியார், இது முதன்மை எண் என்றேன். மூன்றுக்கு மேற்பட்ட எந்த முதன்மை எண்ணையும் ஆறு ஆறாக இருத்தினால் ஒன்று மிஞ்சும் அல்லது ஐந்து மிஞ்சும். இரண்டோ நான்கோ மிஞ்சினால் அது இரட்டை எண், மூன்று மிஞ்சினால் மூன்றால் வகுபடும். ஆகவே வேறு வழியே இல்லை. உங்களுக்கு ஐந்து மிஞ்சுகிறது. நூறாவது சஹனில் ஐந்து பேர் மூடியைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். இன்னும் ஓர் ஆளுக்குச் சொல்லிவிடுங்கள், சரியாக நூறு சஹன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

வலீமா அன்று நூறு சஹனும் நிரம்பின. நூறும் நிரம்பிய பிறகு ஒரு மனிதர் கழுவிய கையை உயர்த்திப் பிடித்தபடி நடுப்பந்தலில் நின்றார். ஹாஜியார் கடைசி நேரத்தில் தன் சகலனுக்குச் சொல்லியிருக்கிறார்; அவருக்கோ சகலன்கள் இரண்டு பேர். அறுநூற்றொன்று. ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதும் அறுநூற்றொன்றும் அறுநூறுக்கு இரண்டு பக்கமும் நிற்கும் இரட்டை முதன்மை எண்கள். ஒன்றிலிருந்து தப்பி மற்றதில் விழுந்துவிட்டார். நான் இதை நினைத்து மகிழ்ந்துகொண்டிருந்தபோது ஆதம்பாவா என் சட்டையைப் பிடித்து இழுத்தான். லொறிக்காரர், சமையல்காரர் இருவர், நான், தான் என்று ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு போய், நின்ற மனிதரை நடுவில் இருத்தி, சமையல் பக்கத்திலிருந்து ஒரு சஹன் போடுவித்தான். அந்தச் சகலன் சாப்பிட்டு முடியும்வரை ஆதம்பாவா அவரோடு மழை பற்றியும் வேளாண்மை பற்றியும் கதைத்துக்கொண்டே இருந்தான். கை கழுவும்போது நான் ஹாஜியாரிடம், ஓர் ஆள் என்றுதானே சொன்னேன் என்று மெதுவாக நினைவூட்டினேன்.

"ஒரு சகலனக் கூப்பிட்டு மத்தவர விட்டா எனக்குப் பொண்டாட்டி ஊட்டுப் பக்கம் தல காட்ட ஏலுமா? அதுக்கு ஒங்கட கணக்கில ஒரு வழி இரிக்கா, சொல்லுங்க."

இரண்டு சதுரம்

காரைதீவில் ஒரு பாடசாலையின் பரிசளிப்பு விழா. அதிபர் ஒரு அம்மா. தூரத்தில் வரும்போதே சட்டைப் பொத்தானைச் சரிபார்க்கத் தோன்றும். ஆயிரத்தொன்பதும் வேண்டும் என்றார். அதோடு, வரிசைகள் ஒரே நீளமாக இருக்க வேண்டும், கடைசி வரிசை மொட்டையாக நிற்கக் கூடாது என்றார்.

முடியாது என்றேன். ஏன் என்றார். முதன்மை எண்ணை நீள்சதுரமாக வைக்க முடியாது, ஒரே ஒரு வரிசையாக வைக்கலாம், ஆனால் அந்த வரிசை அரைக் கிலோமீட்டர் போகும், மைதானத்தைத் தாண்டி, மணலைத் தாண்டி, பிரதம விருந்தினர் கடலுக்குள் கழுத்தளவில் இருப்பார் என்றேன். அம்மா சிரிக்கவில்லை. வேறு வழி சொல்லுங்கள் என்றார். இருந்தது. நான்கால் வகுத்தால் ஒன்று மிஞ்சும் முதன்மை எண் எதையும் இரண்டு சதுரங்களாகப் பிரிக்கலாம். அதுவும் ஒரே ஒரு விதமாகத்தான் பிரிக்கலாம். இது பல நூறு வருடங்களுக்கு முன்பே கண்ட உண்மை. ஆயிரத்தொன்பதுக்கு அது இருபத்தெட்டு வரிசையில் இருபத்தெட்டு, பதினைந்து வரிசையில் பதினைந்து. எழுநூற்று எண்பத்துநான்கும் இருநூற்றிருபத்தைந்தும். ஆதம்பாவாவும் நானும் காலை முழுக்கக் கயிறு பிடித்து அந்த இரண்டு சதுரங்களையும் போட்டோம். பந்தல் பெரிய சதுரத்துக்கு மட்டும்தான் போதுமாக இருந்தது. சின்னதில் யாரை இருத்துவது என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் எண்ணிக்கையை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். நம் நாட்டில் இருநூற்றிருபத்தைந்து என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் எந்த மண்டபம் ஞாபகத்துக்கு வரும் என்பது உங்களுக்குத் தெரியும்.

"தாய் தகப்பனை நிழலுக்குள்ள இருத்துங்க நானா. இருநூற்றி இருபத்தஞ்சு எண்டா அது பாராளுமன்றந்தானே, அதை வெயிலுக்குள்ள போடுங்க."

சரியாக வந்த பிழை

சவளக்கடையில் தம்பிராசா அண்ணனின் மகளுக்குக் கலியாணம். வேளாண்மை வெட்டி முடிந்த கையோடு வைத்த கலியாணம். ஊர் முழுக்க வைக்கோல் வாசம். கதிரைகள் இரண்டு நாள் கழித்து லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏழெட்டு நடையாகத் திரும்பி வந்தன. தம்பிராசா அண்ணனும் கூடவே வந்து, எல்லாம் இருக்கிறது, நானே பார்த்து ஏற்றினேன் என்றார்.

ஆதம்பாவா பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கிக்கொண்டே போனான். கடைசி அடுக்கும் பன்னிரண்டாக முடிந்தது. என் ஆசனமும் கலியாணத்துக்குப் போயிருந்தபடியால், வாசலுக்கு நேரே வெறும் சீமெந்துத் தரைதான் இருந்தது. அவன் அந்த இடத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "மச்சான், சரியா வந்திட்டு" என்றான், யாரோ செத்துப்போன மௌத்துச் செய்தி சொல்கிற குரலில். நானும் தலையில் கைவைத்தேன். தம்பிராசா அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அடுக்குகள் கச்சிதமாக நிற்கின்றன, ஓர் இடத்தில்கூடக் குறை இல்லை, கடைக்காரர் இருவரும் இடி விழுந்ததுபோல நிற்கிறோம். எங்கள் கடையில் ஒன்று மிஞ்சினால்தான் எல்லாம் இருக்கிறது என்று அர்த்தம், ஒன்றும் மிஞ்சாவிட்டால் ஒன்று இல்லை என்று அர்த்தம் என்பதை அவருக்கு விளங்கப்படுத்த ஒரு தேத்தண்ணி தேவைப்பட்டது.

பின்னேரம் மூன்று பேரும் சவளக்கடைக்குப் போய்த் தேடினோம். வாய்க்கால் கரையில், மருத மரத்தின் கீழ், எங்கள் கதிரை. அதில் வட்டவிதானை, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர், கால்மேல் கால் போட்டுக்கொண்டு தண்ணீரைக் காவல் காத்தார். கலியாண வீட்டில் தனக்குத் தந்த கதிரை என்று நினைத்துக் கையோடு கொண்டுவந்துவிட்டாராம். ஒருவரும் கோபிக்கவில்லை. கதிரையை ஆதம்பாவா தலையில் கவிழ்த்துக்கொண்டு வரம்பில் நடந்தான், தொப்பி போட்டவன் மாதிரி. பின்னால் வந்த தம்பிராசா அண்ணன் இன்னும் அதே யோசனையில் இருந்தார்.

"எல்லாம் சரியா வந்திட்டு எண்டு தலையில கைவைக்கிற ஆக்களை நான் இப்பத்தான் பாக்கிறன்."

மௌலவியின் திருத்தம்

ஒரு கலியாண வீட்டில் நிகாஹ் எழுத வந்த மௌலவி, மாப்பிள்ளை வரப் பிந்தியதால் எங்கள் பக்கத்தில் வந்து இருந்தார். கவிழ்ந்து கிடந்த என் ஆசனத்தின் அடியில் எழுதியிருந்த ஆயிரத்தொன்பதைப் பற்றி விசாரித்தார். அகப்பட்டுக்கொண்டார். ஆயிரத்தொன்பதின் இலக்கங்களைக் கடைசியிலிருந்து திருப்பி எழுதினால் ஒன்பதினாயிரத்து ஒன்று, அதுவும் முதன்மை எண்தான், ஆகவே நம் எண்ணைத் தமிழ் மாதிரி வாசித்தாலும் அரபி மாதிரி வாசித்தாலும் பழுதில்லை என்றேன். அரபியிலும் இலக்கங்களை இந்தப் பக்கமிருந்துதான் எழுதுவார்கள் என்று அவர் அமைதியாகத் திருத்தினார். ஆதம்பாவா பதினெட்டு வருடத்தில் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

மானத்தைக் காப்பாற்ற, முதன்மை எண்களுக்கு முடிவே இல்லை என்பதை நிரூபித்துக் காட்டினேன். எல்லா முதன்மை எண்களையும் பட்டியல் எடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை எல்லாவற்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். வருகிற எண்ணைப் பட்டியலில் உள்ள எதனால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். ஆகவே அது தானே முதன்மை எண், அல்லது அதை வகுக்கிற ஒரு முதன்மை எண் பட்டியலுக்கு வெளியே இருக்கிறது. எப்படியும் பட்டியலில் ஒருவர் விடுபட்டிருப்பார். மாப்பிள்ளை ஊர்வலத்தின் சத்தம் கேட்டு எழும்பிய மௌலவி தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"ஒங்கட நிரூபணம் எங்கட ஊர்க் கலியாணந்தானே? எல்லாருக்கும் சொல்லி முடிச்சிட்டம் எண்டு இரிக்கக்குள்ள, சொல்லாம உட்ட ஒருத்தர் வாசல்ல நிப்பார்."

பங்கு பிரித்த காலை

பிரிப்பதற்கு ஒரு கிழமைக்கு முன்னர், பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த என்னோடு சேர்ந்து என் ஆசனம் உடைந்தது. பின்னங்கால் இரண்டும் விரிந்துவிட்டன. ஆதம்பாவா மருதமுனைக்கு மண்டபம் பார்க்கப் போயிருந்தான். பதினெட்டு வருடத்தில் முதல்தடவையாக நான் புதுக் கதிரை வாங்கப் போகவில்லை. உடைந்ததைக் கடைக்குப் பின்னால் போட்டுவிட்டு வந்து அடுக்குகளைப் பார்த்தேன். ஆயிரத்தெட்டு. இரண்டு பேருக்கும் பிரிக்கலாம், மூன்று பேருக்கும் பிரிக்கலாம், ஏழு பேருக்கும் பிரிக்கலாம்; பிரிப்பதற்கென்றே பிறந்த எண். பிரியப்போகிற கடைக்கு முதன்மை எண் எதற்கு என்று நினைத்தேன். கொஞ்சம் ரோசமும் இருந்தது, மறைக்கவில்லை. அவனிடம் சொல்லவும் இல்லை.

அந்தக் காலை றியாஸ் லொறியோடு வந்தான், கையில் தொலைபேசிக் கணிப்பான். நல்ல பிள்ளை, என்னைச் சாச்சா என்றுதான் கூப்பிடுவான். ஆதம்பாவா என் முகத்தைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கினான். ஓர் அடுக்கு லொறிப் பக்கம், ஓர் அடுக்கு கடைப் பக்கம். பன்னிரண்டு, பன்னிரண்டு. நான் இந்த முனையைப் பிடித்தேன், அவன் அந்த முனையைப் பிடித்தான். இத்தனை வருடமும் தூக்கிய அதே மாதிரி. நாற்பத்திரண்டாவது அடுக்கு அவன் பக்கம் போனது, நாற்பத்திரண்டாவது என் பக்கம் வந்தது. எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று நினைத்தேன். வாசலுக்கு நேரே என் ஆசனம் இருந்த இடத்தைப் பார்க்கப் பயந்து வேறு பக்கம் திரும்பினேன்.

"வாப்பா, இது நம்மட ஊட்டுக் கதிரை தானே?" என்று றியாஸ் கேட்டது அப்போதுதான்.

திரும்பினேன். வாசலுக்கு நேரே மண்ணிறக் கதிரை ஒன்று. ஒரு கைபிடி வெடித்து, நைலோன் கயிற்றால் கட்டப்பட்டது. ஆதம்பாவா வீட்டுப் பின்வளவில், கிணற்றடியில் கிடக்கும் கதிரை; அதில் இருந்துதான் அவன் பின்னேரத் தேத்தண்ணி குடிப்பான். அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் சிவப்பு மையில் ஆயிரத்தொன்பது என்ற இலக்கம், ஒன்பதின் வால் கைபிடிவரை நீண்டிருந்தது. இலக்கம் எழுதுவது எப்போதும் என் வேலை. அவன் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல்தடவை. றியாஸ் கணிப்பானில் தட்டி, ஐந்நூற்றுநான்கு, ஐந்நூற்றுநான்கு, ஒன்று மிச்சம், அதைச் சாச்சாவே வைத்துக்கொள்ளட்டும் என்றான். நான் வேண்டாம், அது உங்கள் வீட்டுச் சாமான் என்றேன். இரண்டு பேரும் ஆதம்பாவாவைப் பார்த்தோம். அவன் அந்தக் கதிரையில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தான். வியர்வைதான் என்று வைத்துக்கொள்வோம்.

"போன கிழம கடையில யாரும் இல்லாத நேரம் அடுக்கப் பாத்தன் மச்சான், எல்லாம் சரியா வந்திச்சு. அதான் ஊட்டுக் கதிரையக் கொண்டு வந்து வச்சன். இது ரெண்டு பேருக்கும் பங்குபடாது, இங்கயே கிடக்கட்டும். நான் பின்னேரம் அசருக்குப் பொறகு வந்து குந்துவன்."

கணக்கு அவனுக்கு இன்னும் பிடிக்காது; மருதமுனையிலிருந்து தினமும் பஸ் ஏறி, மீதியாக வந்து குந்துவதற்கு மட்டும் ஒருநாளும் தவறுவதில்லை.